கொச்சியில் இரண்டு வாண்டுகளோடு

கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கு வாளையாறு தாண்டினாலே வெளிநாடு. சனிக்கிழமை காலை ரயிலேறி மதியத்துக்குள் எறணாகுளம். பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு மூணு. நான் போட்ட பட்டியலெல்லாம் ஹைகோர்ட் படகுத்துறையிலேயே காலி.

வாட்டர் மெட்ரோ படகில் சின்னவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டே வந்தாள். வில்லிங்டன் தீவைக் காட்டி, துறைமுகத்துக்காகக் கடலைத் தோண்டிய மண்ணில் உருவானது என்றேன். "யாரு தோண்டுனா?" பிரிஸ்டோ என்ற வெள்ளைக்கார இன்ஜினியர். "பிஸ்கட்டா? குடு!"

ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம்; பிறகு எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "அப்ப உள்ள யாருமே இல்லியா? எதுக்கும்மா வந்தோம்?" என்றான் பெரியவன். பதில் இல்லை.

சீனவலை மட்டும் இருவரையும் கட்டிப்போட்டது. கற்களைக் கட்டித் தொங்கவிட்ட கயிறுகளை ஆட்கள் இழுக்க, வலை மெதுவாக மேலே வந்தது. ஒரு பிடி மீன், ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலுக்குத்தான் கைதட்டல்.

ஞாயிறு முழுக்க, எதிரே வைப்பின் தீவுக்குப் போகும் ஜங்கார் படகுதான். கார், பைக்கோடு மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு சில நிமிடத்தில் அக்கரை. மூன்று முறை போய் வந்தோம். நாலாவதுக்கு என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார், அழுகையோடு ஸ்டேஷன்.