6.9, 7.3, நடுவில் ஒரு மாத்திரை

மார்ச் 3, திங்கள்

எங்கள் ஆய்வகத்தில் என் ரத்தத்தை எடுத்தது சக ஊழியர். எந்திரத்தில் வைத்தது நான். முடிவைப் பார்த்துப் பதறியதும் நான்தான். எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 7.3 சதவீதம். நான்கு மாதம் முன்பு 6.9 இருந்தது. சர்க்கரை நோயோடு எனக்கு இது ஒன்பதாம் ஆண்டு. “7ஐத் தாண்டிவிட்டீர்களே, இன்னொரு மாத்திரை சேர்த்துவிடலாம்” என்றார் மருத்துவர். கிளிமிபிரைடு. சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடியது என்பதால் மனம் ஒப்பவில்லை. சில நாள் தவணை கேட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

வேலை முடிந்தபின் அதே ரத்தக் குழாயைப் பத்து முறை ஓட்டினேன். 7.1, 6.9, 7.3, 7.0, 7.2, 7.0, 7.4, 6.9, 7.1, 7.1. சராசரி 7.1, மாறுபாட்டுக் கெழு (சராசரியோடு ஒப்பிட்டால் முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 2.3 சதவீதம்.

நேற்று 6.9 விழுந்திருந்தால் ‘இப்படியே தொடருங்கள்’ என்று அனுப்பியிருப்பார். 7.4 விழுந்திருந்தால் மாத்திரையோடு திட்டும் கிடைத்திருக்கும். ரத்தம் ஒன்றுதான்.

மார்ச் 5, புதன்

தினமும் காலையில் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரி, ஓட்டுகிறோம், தினமும் ‘சரி’ என்று கையெழுத்திடுகிறோம். பிறகு எப்படி இந்தச் சிதறல்? கன்ட்ரோல் முடிவுகளை நாள்தோறும் எல்லைக் கோடுகளுக்கிடையே புள்ளியாகக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தை எடுத்து உட்கார்ந்தேன். 1950இலிருந்து ஆய்வகங்களுக்குக் காவல் நிற்கும் வரைபடம் அது. புள்ளிகள் எல்லாம் கோடுகளுக்குள்தான். கோடுகளில்தான் கோளாறு. எங்கள் எந்திரத்தின் சிதறலைக் கணக்கிட்டு அவற்றைப் போடவில்லை. கன்ட்ரோல் புட்டியோடு வந்த தாளில் அச்சிட்டிருந்த அகலமான எல்லையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறோம். ஊரையே வளைத்து வேலி போட்டால் மாடு எங்கே மேய்ந்தாலும் வேலிக்குள்தான்.

இரண்டு மாத கன்ட்ரோல் முடிவுகளைக் கூட்டிக் கழித்ததில் நாளுக்கு நாள் மாறுபாடு 3 சதவீதம். ஓர் ஆய்வகத்துக்குள் இது 1.5க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது 2023இல் வெளியான நீரிழிவு ஆய்வக வழிகாட்டுதல். அந்தக் கோடுகளைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

மார்ச் 6, வியாழன்

உடம்பும் ஓரிடத்தில் நிற்பதில்லை. எச்பிஏ1சிக்கு அந்த இயல்பான ஊசலாட்டம் 1.5 சதவீதம் என்று வைத்தேன். எந்திரத்தின் 3, உடம்பின் 1.5, இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77ஆல் பெருக்கினால் 9.3 சதவீதம். (2.77 மந்திர எண் அல்ல. 95 சதவீத உறுதிக்கான 1.96ஐ, ஒப்பிடுவது இரண்டு முடிவுகளை என்பதால், 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைப்பது.) 7க்கு அது 0.65. இரண்டு முடிவுகளுக்கிடையே அதைவிடப் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் நோய் நகர்ந்தது என்று துணிந்து சொல்லலாம். எனக்கு வந்தது 0.4.

சிறுநீரக நோயாளிகள், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் 1.2இலிருந்து 1.3 ஆனதும் தூக்கம் கெட்டு வருவார்கள். அங்கேயும் இதே கணக்குதான்: 15 சதவீதம் வரை தானாகவே ஏறி இறங்கலாம்.

மார்ச் 8, சனி

எந்திரத்தின் பிரிப்புக் குழாயை மாற்றினோம். அதை நாங்கள் ஆங்கிலப்படி ‘காலம்’ (column) என்போம்; பழையதற்குக் காலம் முடிந்துதான் இருந்தது. குளிர்பெட்டியில் வைத்திருந்த என் ரத்தத்தை மறுபடி பத்து முறை ஓட்டினேன். எல்லாம் 7.1 அல்லது 7.2.

அந்தப் பழைய 6.9ஐச் சரிபார்க்கத்தான் வழியில்லை. நான்கு மாதத்துக்கு முந்தைய ரத்தத்துக்கு எங்கே போவேன்?

மார்ச் 24, திங்கள்

இரண்டு வாரத்து கன்ட்ரோல் மாறுபாடு 1.2 சதவீதம். வரைபடத்தின் கோடுகள் நெருங்கிவிட்டன. இந்த நிலையில் கணக்கிட்டால் 0.65 சுருங்கி 0.4க்குச் சற்றுக் கீழே வருகிறது. அதாவது, முன்பும் எந்திரம் இப்படியே இருந்திருந்தால், அந்த 0.4ஐ நான் தட்டிக்கழித்திருக்க முடியாது. இது எனக்கு அவ்வளவு இனிப்பான செய்தி அல்ல.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் விரித்துக் காட்டினேன். மாத்திரையை நிறுத்திவைத்து, மூன்று மாதம் கழித்து இதே எந்திரத்தில் பார்ப்போம் என்றார். “அந்த இரண்டு மாதத்தில் நான் மருந்து கூட்டியவர்கள் எத்தனை பேர்?” என்றும் கேட்டார். 7ஐ ஒட்டி வந்த முடிவுகளைப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜனவரி மட்டும் முடிந்திருக்கிறது.