இந்திய லைசன்ஸை ஜெர்மன் லைசன்ஸா மாத்தின அனுபவம்

ஜெர்மனி வர்றவங்க நிறைய பேர் லைசன்ஸை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க, அதனாலதான் இதை எழுதறேன். இங்க குடியேறின நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குத்தான் நம்ம லைசன்ஸ் செல்லும். இன்டர்நேஷனல் பெர்மிட்ல ஒரு வருஷம்னு போட்டிருந்தாலும் அந்த ஆறு மாசம் நீளாது. அதுக்கப்புறம் ஓட்டினா லைசன்ஸே இல்லாம ஓட்டின மாதிரி, கிரிமினல் கேஸ் ஆகும். அட்ரஸ் பதிஞ்ச வாரமே வேலையை ஆரம்பிச்சிடுங்க.

ஜப்பான், தென் கொரியா லைசன்ஸ்னா டெஸ்ட் இல்லாம மாத்திக் குடுத்துடுவாங்க. இந்தியா அந்த லிஸ்ட்ல இல்ல. தியரி, பிராக்டிகல் ரெண்டும் பாஸ் பண்ணணும், நமக்குள்ள ஒரே சலுகை இத்தனை க்ளாஸ் போயே ஆகணும்ங்கிற கட்டாயம் இல்ல.

அப்ளிகேஷனுக்கு பாஸ்போர்ட், அட்ரஸ் பதிவு, பயோமெட்ரிக் போட்டோ, கண் டெஸ்ட், ஃபர்ஸ்ட் எய்ட் கோர்ஸ் சர்டிபிகேட், லைசன்ஸோட ஜெர்மன் மொழிபெயர்ப்பு எல்லாம் வேணும். ஃபர்ஸ்ட் எய்ட் ஒரே நாள்ல முடிஞ்சிடும், அதை சும்மா சர்டிபிகேட்டுக்காக உக்காந்துட்டு வராதீங்க, நிஜமாவே உபயோகமான க்ளாஸ். அப்ளிகேஷன் குடுத்தப்புறம் அப்ரூவல் வர்றதுக்கு வாரக்கணக்கா ஆச்சு, அந்த நேரத்துல தியரி படிச்சேன்.

தியரி இங்கிலீஷ்ல எழுதலாம், தமிழ், ஹிந்தி கிடையாது. 30 கேள்வி, ஒவ்வொரு தப்புக்கும் 2-ல இருந்து 5 வரைக்கும் பாயின்ட், மொத்தம் 10 வரைக்கும் விடுவாங்க, ஆனா 5 பாயின்ட் கேள்வி ரெண்டு தப்பாச்சுன்னா அதோட ஃபெயில். வருஷக்கணக்கா ஓட்டின அனுபவத்தை நம்பி போய் உக்கார்ற பரீட்சை இல்ல இது, ஆப்ல கேள்வி முழுக்க ஒரு தடவையாவது பாத்துட்டுப் போங்க.

பிராக்டிகல்தான் பெரிய விஷயம். மொத்தம் 55 நிமிஷம், பக்கத்துல டிரைவிங் ஸ்கூல் இன்ஸ்ட்ரக்டர், பின்னாடி எக்ஸாமினர். வண்டி ஓட்டத் தெரியுமாங்கிறது அவங்களுக்கு முக்கியமே இல்ல, எங்க பாக்கறீங்க எப்பப் பாக்கறீங்கன்னுதான் கவனிக்கிறாங்க. லேன் மாத்தும்போதும் திரும்பும்போதும் கண்ணாடி பாத்தா மட்டும் போதாது, தலையைத் திருப்பி தோளுக்கு மேல பாக்கணும், சைக்கிள்காரங்க கண்ணாடில தெரியாத இடத்துலதான் வருவாங்க. அவங்களைத் தாண்டும்போது ஊருக்குள்ள ஒன்றரை மீட்டர், வெளிய ரெண்டு மீட்டர் இடைவெளி விடணும், இடம் இல்லன்னா பின்னாடியே பொறுமையா போகணும். அப்புறம் போர்டே இல்லாத சந்திப்புல வலது பக்கத்துல இருந்து வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, சின்ன சந்துல இருந்து வந்தாலும் சரி. இது நம்ம ஊர் பழக்கத்துக்கு நேர் எதிர், பெரிய ரோட்டுல போறவன் நிக்க மாட்டான்ங்கிற எண்ணம் கால்லயே ஊறிக் கிடக்கு, அது போக நேரம் எடுக்குது. அதனால கட்டாயம் இல்லன்னாலும் க்ளாஸ் எடுங்கன்னு அடிச்சுச் சொல்வேன். காசு போகுதேன்னு தோணும், ஆனா ஃபெயில் ஆனா மறுபடி கட்டற ஃபீஸோட ஒப்பிட்டா அது நல்ல செலவு. என் இன்ஸ்ட்ரக்டர் டெஸ்ட் நடக்கிற ரோடெல்லாம் கூட்டிட்டுப் போனார், அந்த மனுஷனுக்கு நான் ரொம்பக் கடன்பட்டிருக்கேன்.

எக்ஸாமினர் ஜெர்மன்லதான் பேசுவார். வலது, இடது, அடுத்த சிக்னல்ல, வசதியான இடத்துல நிறுத்துங்க, இந்த அளவு புரிஞ்சா சமாளிக்கலாம். கிளம்பறதுக்கு முன்னாடி லைட், டயர், ஆயில் பத்தியும் கேப்பாங்க, டயர் பள்ளம் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் இருக்கணும்ங்கிறதெல்லாம் அதுலதான் வரும்.

பாஸ் ஆனதும் புது கார்டு குடுக்கும்போது இந்திய லைசன்ஸை வாங்கிக்கறாங்க, முன்கூட்டியே ரெண்டு பக்கமும் காப்பி எடுத்து வச்சிக்கோங்க. இன்னொண்ணு, கார் டெஸ்ட் மட்டும் குடுத்தா கார் லைசன்ஸ் மட்டும்தான் கிடைக்கும். இந்திய லைசன்ஸ்ல பைக் இருந்தாலும் இங்க அதுக்குத் தனி டெஸ்ட், பைக் ஓட்டற எண்ணம் இருக்கிறவங்க அப்ளிகேஷன் குடுக்கும்போதே சேத்து எழுதிடுங்க.