தூங்கா நகரத்தில் ஒன்பதரைக்குப் படுப்பவன்

நடுராத்திரியிலும் ஆவி பறக்க இட்லி கிடைக்கிற ஊர் மதுரை. இங்கே நான் ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறேன். கல்யாண வரவேற்பென்றால் முதல் பந்தியில் உட்கார்ந்து எட்டரைக்குள் வீடு. "என்னப்பா, கோழி மாதிரி அடையுற?" என்பார் சித்தப்பா. எனக்கு பைபோலார் என்பது அவருக்குத் தெரியாது. இருமுனைக் கோளாறு என்று எழுதுகிறார்கள்; மனசு சில காலம் ஒரேயடியாக மேலே பறக்கும், சில காலம் கீழே விழுந்து கிடக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஏத்தம், இறக்கம்.

ஒன்பது வருஷத்துக்கு முன் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி அவரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளம் போனவன், நாலு ராத்திரி தூங்கவில்லை. அலுப்பே தெரியவில்லை. விடிகாலை மூணு மணிக்குப் பள்ளிக்கூடச் சிநேகிதர்களை போனில் எழுப்பினேன். மனைவியின் நகையை அடகு வைத்து, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். போனது போனதுதான். அம்மா குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போனார். ஒரு சேவல் செலவு. அப்புறம்தான் டாக்டர்.

கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் அதன் முதுகில் மூணு விஷயம் எழுதுவேன்: படுத்தது, எழுந்தது, மனசுக்கு ஒரு எண். பூஜ்யம் என்றால் சமம். மேலே மூணு வரை, கீழே மூணு வரை. பில் குத்துகிற கம்பியில் குத்திவைப்பேன். முன்பக்கம் என் ராசிக்கு 'மகிழ்ச்சி' என்று போட்டிருக்கும், முதுகில் −2 இருக்கும். டாக்டர் முதலில் கேட்பது அந்தக் கத்தையைத்தான். ஏத்தத்தில் இருப்பவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பிரமாதம் என்றுதானே சொல்வான்?

பீரோ கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. சமமாக இருந்த ஒரு நாளில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டது. தொடர்ந்து ரெண்டு ராத்திரி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால், என்னைக் கேட்காமலே மனைவி டாக்டரைக் கூப்பிடலாம், ஏடிஎம் கார்டை வாங்கிக்கொள்ளலாம். 2000 ரூபாய்க்கு மேல் எதை வாங்குவதென்றாலும் ரெண்டு ராத்திரி பொறுக்க வேண்டும்.

மாத்திரை லித்தியம். ரத்தத்தில் குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் விஷம். அதனால் அளவு பார்க்க வேண்டும், கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. போன முறை 0.7, நல்ல அளவு. கூடவே தைராய்டு, சிறுநீரகத்துக்காக கிரியாட்டினின். எங்கள் ஊர் வெயிலுக்கும் இதற்கும் ஆகாது. வியர்த்து நீரும் உப்பும் வற்றினால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாது. ஒரு மே மாதம் குடோனில் நாள் முழுக்க மூட்டை எண்ணினேன். அந்த வாரம் கால் சுளுக்குக்கு நானாக வாங்கிப் போட்ட இபுப்ரோஃபென் வேறு. அதுவும் அளவை ஏற்றிவிடும். சாயங்காலம் பேனா பிடிக்க முடியாமல் கை உதறியது, வாந்தி, நடை தள்ளாடியது. "குடிச்சிருக்கியா?" என்றார் முதலாளி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது வலி என்றால் பாராசிட்டமால்தான். குடோனுக்குப் போனால் கையில் உப்புப் போட்ட மோர்.

நல்லாத்தானே இருக்கோம் என்று ஒருமுறை மாத்திரையை நானே நிறுத்தியதை இங்கே விவரிக்கப்போவதில்லை.

இறக்கத்துக்கு என்னிடம் பெரிய வித்தை இல்லை. காலைத் தரையில் ஊன்று, தெருமுனை டீக்கடை வரை போ, அன்றைக்கு அவ்வளவுதான். முடிந்த நாளில் வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று. செத்துப்போகலாம் என்று தோன்றுகிற ராத்திரிக்கு, போனில் மனைவி பெயருக்கு அடுத்து 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசில்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஒரே ஒரு முறை கூப்பிட்டிருக்கிறேன்.

இந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆசை. எதிர்சேவை கிடையாது என்றாள் மனைவி. சரி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே படுத்தேன். நாலு மணிக்கு எழுப்பிவிட்டாள். நெரிசலில் தங்கக் குதிரையின் தலை மட்டும் தெரிந்தது. யாரோ பீய்ச்சிய தண்ணீரில் சட்டை நனைந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றியிருந்தார். திரும்பி வந்து தாளைக் கிழித்து எழுதினேன்: படுத்தது 9.00, எழுந்தது 4.00, +1. மனைவி வாங்கிப் பார்த்தாள். "வழியெல்லாம் வாய் மூடல நீங்க" என்று ஒன்றை அடித்துவிட்டு ரெண்டு போட்டாள்.