ஹாஸ்டலில் இருந்தே கேட் எழுதியது: மதியம் இரண்டரை மணிக் கதை

எம்.டெக் சேர எழுதும் கேட் தேர்வின் ரிசல்ட் வந்ததில் இருந்து ஜூனியர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தப் புத்தகம், எந்த டெஸ்ட் சீரிஸ்? சிவில் எழுதின யாரைக் கேட்டாலும் அதற்குப் பதில் கிடைக்கும். பழைய வினாத்தாள்களை முடியுங்கள், கணிதத்தையும் ஆப்டிடியூடையும் விடாதீர்கள், அவ்வளவுதான். ஹாஸ்டலில் இருந்துகொண்டு எப்படிப் படித்தேன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்கு மார்க் வந்ததோ அங்கேதான். அதனால் அதையே எழுதுகிறேன்.

முதலில் ரேங்க் பற்றி. பழைய ஐஐடிகளில் ஸ்ட்ரக்சுரல் பிரிவு கிடைக்கிற அளவுக்கு இல்லை. என்ஐடியில் எம்.டெக் கிடைக்கும் என்று நம்பிக்கை இருக்கிறது. கோச்சிங் போகாமல், நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் நான்கு பேர் அறையில் இருந்து வந்த ரேங்க் இது. முதல் நூறுக்குள் வர ஆசைப்படுபவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருவட்டாறு பக்கம். மாத்தூர் தொட்டிப்பாலத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள், சிவில் எடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "இந்தா கெடக்க நாகர்கோவிலுக்கு ஹாஸ்டல் எதுக்கு மக்கா?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். வரைபடத்தில் பக்கம்தான். காலையில் தக்கலை வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து பார்த்தால் தெரியும், அது எவ்வளவு பக்கம் என்று. போக வரப் பகலில் பெரிய துண்டு போய்விடும். மழை பெய்தால் இன்னும் கொஞ்சம் போகும். நம் மாவட்டத்தில் மழை ஜூனிலும் வரும், அக்டோபரிலும் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். 2021இல் அரசு அறிவித்தபடி கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அப்படி இருந்தும் முதல் வருடம் எங்களிடம் மெஸ் அட்வான்ஸ் கேட்டார்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருவார்களாம். அரசாணையைப் பிரிண்ட் எடுத்து ஒதுக்கீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போய் நின்றோம். அதற்கப்புறம் கேட்கவில்லை. தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1000 ரூபாயில்தான் டெஸ்ட் சீரிஸ் கட்டணமும் ஜெராக்ஸ் செலவும் ஓடியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கேட் இரண்டு நேரங்களில் நடக்கும், காலை 9.30 அல்லது மதியம் 2.30. சிவிலுக்கு இரண்டு ஷிஃப்டும் உண்டு. எது விழும் என்பது நம் கையில் இல்லை. நாம் எல்லோரும் மாதிரித் தேர்வை எப்போது எழுதுகிறோம்? ராத்திரி, மெஸ் முடிந்து, அறையில் அரட்டை அடங்கிய பிறகு. இல்லையென்றால் விடிகாலை. இரண்டும் படிக்க நல்ல நேரம்தான், ஆனால் தேர்வு அந்த நேரத்தில் வராது. ஹாஸ்டல் மதியத்தை நினைத்துப் பாருங்கள். சம்பா அரிசிச் சோறு, தீயலோ சாம்பாரோ, ஒரு பப்படம். இரண்டு மணிக்கு ஃபேனுக்குக் கீழே படுத்தால் எழுப்ப ஆள் வேண்டும். அந்த நேரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, பாதி வழியில் கடைசித் தசம இடம் வரை கேட்கும் கணக்கைப் போட மூளைக்குப் பழக்கம் வேண்டும். எனக்கு விழுந்தது மதிய ஷிஃப்ட். என்னைவிட நன்றாகப் படித்த இரண்டு பேர் அதே ஷிஃப்டில் நாலு மணிக்கு மேல் கண் சொக்கியதாகச் சொன்னார்கள். எனக்குச் சொக்கவில்லை. காரணம், மாதிரித் தேர்வையும் மதியம் இரண்டரைக்கே எழுதிப் பழகியிருந்தேன். இந்த ஒன்றை மட்டும் செய்தால் போதும், மீதியைப் படிக்காமல் மூடிவிடலாம் என்றுகூடச் சொல்வேன்.

மதியம் எழுது என்றால் வகுப்பு இருக்கிறதே என்பீர்கள். ஞாயிறு இருக்கிறது. ஆனால் ஞாயிறு மதியம் ஹாஸ்டல் சந்தைக்கடை. துணி துவைப்பு, வீட்டில் இருந்து வந்த பலகாரம், பக்கத்து அறைக்காரி பாட்டு. அதனால் நான் பிடித்துக்கொண்டது உள்ளூர் விடுமுறைகளை. இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நவம்பர் 1, மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள். டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா. மார்கழியில் சுசீந்திரம் தேர். எல்லாமே கேட் படிப்பின் முக்கியமான மாதங்களில் வருகின்றன. அன்றைக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கோ திருவிழாவுக்கோ போய்விடுவார்கள். வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் கன்னியாகுமரிக்குக் கடல் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஹாஸ்டல் காலி. ஸ்டடி ஹாலில் நான் மட்டும்.

அம்மா போனில், "எல்லா பிள்ளியளும் வீட்டுக்கு வந்தாச்சு, நீ எப்பம் மக்கா வாற?" என்று கேட்பாள். சவேரியார் திருவிழாவுக்குப் போகாதது இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது. பரவாயில்லை, அடுத்த வருடமும் டிசம்பர் 3 வரும்.

மாதிரித் தேர்வு எழுதும் நாளில்:

சாப்பாடு 12.45க்குள். சோறு பாதி, அவியல் நிறைய. மோர் வேண்டாம். மெஸ் அக்காவிடம் முந்தின நாளே சொன்னால் சீக்கிரம் எடுத்து வைப்பார்கள்.

சாயா 2 மணிக்கு, ஒன்றே ஒன்று. தேர்வு நாளிலும் அதே ஒன்று.

மவுஸ் வாங்குங்கள். லேப்டாப்பின் டச்பேடில் எழுதிப் பழகினால் தேர்வு அறையில் கை தடுமாறும். அங்கே கீபோர்டு வேலை செய்யாது, எண் விடையைக்கூடத் திரையில் இருக்கும் எண்களைத் தட்டித்தான் போட வேண்டும்.

நான்கு வருடம் கூடவே வந்த கேசியோவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். திரையில் வரும் கால்குலேட்டர் மட்டும்தான். அதில் அடைப்புக்குறி போடும் பழக்கம் வரவே சில வாரங்கள் ஆகும்.

எண் விடைக் கேள்விக்கு மைனஸ் கிடையாது, ஒன்றையும் வெறுமனே விடாதீர்கள். பல விடைக் கேள்விக்கும் மைனஸ் இல்லை, ஆனால் பாதி சரிக்குப் பாதி மார்க்கும் இல்லை.

எழுதி முடித்த அன்றே திருத்தாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மார்க் பார்த்து அழுதால் அறையில் இருக்கும் மற்ற மூவரும் படிக்க முடியாது. மறுநாள் காலையில் பாருங்கள்.

ஸ்டடி ஹவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஹாஸ்டலில் மாலை பிரேயர், அப்புறம் வருகைப் பதிவோடு ஸ்டடி ஹவர். எல்லோரும் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நேரம் நம் மனநிலையைக் கேட்காமல் தினமும் வரும். நான் ஒரு சோம்பேறி, என்னைப் போன்றவர்களுக்கு அது நல்லது. மண்ணியலும் நீரியலும் முழுக்க அந்த நேரத்தில் முடித்தவை. சொந்த ஒழுங்கு உள்ளவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கலாம்.

எரிச்சல் என்றதும் போன் நினைவுக்கு வருகிறது. எங்களிடம் இரவில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வைஃபை பத்து மணிக்கு நிற்கும். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பையன்கள் ஹாஸ்டலில் இந்த இரண்டு கட்டுப்பாடும் கிடையாது. அவர்கள் நள்ளிரவில் டெஸ்ட் எழுதி மார்க்கை குரூப்பில் போடுவார்கள், நாங்கள் காலையில் பார்ப்போம். மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்களுக்கு மட்டும் பாகுபாடான விடுதி விதிகள் வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் எழுதியே இருக்கிறது. வார்டன் மேடத்திடம் மரியாதையாகக் காட்டினோம். "மேலே பேசுகிறேன் பிள்ளைகளா" என்றார். அதே நிலைதான் இன்று வரை. கேட்டுப் பாருங்கள், கேட்காமல் விடாதீர்கள், ஆனால் அனுமதி வரும் வரை படிப்பை நிறுத்தி வைக்காதீர்கள். என்பிடெல் தளத்தின் இலவச வீடியோ வகுப்புகளைப் பகலில் நூலக இணையத்தில் இறக்கி வைத்துக்கொண்டேன். டெஸ்ட் கேள்விகளின் விளக்கங்களைப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டேன். போன் இல்லாத இரவில் தாளில் படித்தது அதிகம் நினைவில் நின்றது என்பதை வார்டனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வீடு எடுத்துத் தங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. மூன்றாம் வருடம் என் தோழிகள் சிலர் பார்வதிபுரம் பக்கம் வீடு எடுத்தார்கள். நானும் செமஸ்டர் லீவில் அங்கே தங்கியிருக்கிறேன். சுதந்திரம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். கிழங்கும் மீனும் நினைத்த நேரத்தில் சமைக்கலாம். ஆனால் கேஸ் தீரும், மோட்டார் போட மறப்பார்கள், வாடகைத் தேதியில் ஒருத்தியிடம் பணம் இருக்காது, யார் பாத்திரம் தேய்ப்பது என்பதில் ஆரம்பித்து யார் அம்மா எப்படி வளர்த்தாள் என்பதில் முடியும். வீட்டுக்காரர் மாடியில் இருந்து செருப்புகளை எண்ணுவார். படிக்க ஆசைப்பட்டுப் போனவர்கள் சமையலில் தேர்ச்சி பெற்றார்கள். கடைசி வருடம் அவர்களில் பாதிப் பேர் ஹாஸ்டலுக்கே திரும்பிவிட்டார்கள். குடும்பத்தோடு வாடகைக்கு வந்து தங்கும் வசதி இருந்தால் அது வேறு கதை.

தனியார் லேடீஸ் ஹாஸ்டல் என்றால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். சேரும் முன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த இடம் பாருங்கள். கட்டணம் ஒரு பிரச்சினை என்றால் அரசு விடுதிகளைப் பாருங்கள், இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம்.

முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்: ராகிங் என்றால் 1800-180-5522. இலவச எண், எந்த நேரமும் அழைக்கலாம். சீனியர் அக்காக்களில் பெரும்பாலானோர் நல்லவர்கள், எனக்குப் பழைய வினாத்தாள் கொடுத்ததே ஒரு அக்காதான். ஆனாலும் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறைத்தோழி பற்றி ஒரே வரி: உங்களைவிட சீக்கிரம் தூங்குபவளைத் தேடுங்கள், நன்றாகப் படிப்பவளை அல்ல.

மழைக்காலத்தில் துணி காயாது. காயாத துணி அறைக்குள் தொங்கினால் சளி, சளி வந்தால் ஒரு வாரம் போச்சு. தண்ணீர் கொதிக்க வைத்ததா என்று மெஸ்ஸில் கேளுங்கள். எங்கள் பிளாக்கில் டிசம்பரில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்து தேர்வே எழுத முடியாமல் போனது. கெட்டிலுக்குத் தடை என்றால் ஒரு நல்ல ஃபிளாஸ்க் வாங்கி, சாப்பிடப் போகும்போது வெந்நீர் பிடித்து வாருங்கள்.

தேர்வு நாள் சனி அல்லது ஞாயிறுதான் வரும். ஹாஸ்டலில் அவுட்பாஸ் வாங்க ஹால்டிக்கெட் நகலோடு மூன்று நாள் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். மையம் நாகர்கோவிலிலேயே விழுந்தால் நல்லது. திருநெல்வேலி விழுந்து காலை ஷிஃப்டும் ஆகிவிட்டால் விடியும் முன் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும், கேட்டைத் திறக்க வாட்ச்மேன் அண்ணனிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். இன்னொன்று: நம்மில் பாதிப் பேருடைய அசல் ஆதார் வீட்டு பீரோவில் இருக்கும், ஹாஸ்டலில் இருப்பது ஜெராக்ஸ். மையத்தில் அசல் அடையாள அட்டைதான் கேட்பார்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் போகும்போதே எடுத்து வந்துவிடுங்கள். எங்கள் பிளாக்கில் ஒருத்தியின் அப்பா தேர்வு அன்று காலையில் குளச்சலில் இருந்து பைக்கில் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏழாம் செமஸ்டர் தேர்வும் கேட் படிப்பும் மோதும். அரியர் வைக்காதீர்கள் என்பதைத் தவிர இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், அதனால் இந்த வருடம் குறைந்தவர்கள் உடனே முடிவு எடுக்க வேண்டாம்.

இனி எனக்குக் கவுன்சலிங். எம்.டெக் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, அதில் மெஸ் பில் நானே கட்டுவேன். இந்த ஹாஸ்டலைக் காலி செய்யும்போது காஷன் டெபாசிட் ரசீது கேட்பார்கள், முதல் வருட ரசீதைப் பத்திரமாக வையுங்கள். என் ஸ்பைரல் கட்டுகளில் ஆப்டிடியூடும் கணிதமும் ஏற்கெனவே மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் போய்விட்டன. சுற்றுச்சூழல், போக்குவரத்து, மண்ணியல் மூன்றும் அறையில் இருக்கின்றன. வேண்டுபவர்கள் புராஜெக்ட் வைவா முடிவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டடி ஹவரில் மட்டும் கதவைத் தட்டாதீர்கள்.