காற்றாடிமலைக்கு அம்மாவோடு

இந்த வருடப் பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டில், எனக்குத் திருமுழுக்கு, ஞானஸ்நானம் ஆயிற்று. வயது 42. தலையில் ஊற்றிய தண்ணீர் காய்வதற்குள் நான் பிரசங்கியாகிவிட்டேன் என்று வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பொய்யில்லை. புதிதாகக் கார் ஓட்டக் கற்றவன் தெருவில் போகிறவர்களையெல்லாம் ஏறு ஏறு என்பானே, அந்த நிலைமைதான். திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் எங்கிருந்து வருகிறது தெரியுமா, போன வருடக் குருத்தோலையை எரித்து எடுப்பது என்று டீக்கடையில் நிற்பவரைப் பிடித்துச் சொல்வேன். அவர் பிறவிக் கத்தோலிக்கராக இருப்பார். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். அன்பியம் என்கிற தெரு ஜெபக் கூட்டத்தில் ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவளிடம், "இவரு நம்ம சாமியாரவிடக் கூடுதலா பேசுகாரு" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அம்மாவிடம் மட்டும் எதுவும் எடுபடவில்லை. ஆவணி ஞாயிறு வந்தால் நாகராஜா கோயிலில் பால் ஊற்றாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் அவள். சவேரியாரைப் பற்றி ஒருநாள் ஆரம்பித்தேன். 1544-ல் இந்தக் கரையோரம் நடந்தே வந்தவர், ஒரே மாதத்தில் பல்லாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தவில்லை. எனக்கு மூன்று வயதில் ஜன்னி வந்தபோது 'கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார்' என்று நேர்ந்துகொண்டு, டிசம்பர் தேரில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தவளாம். "சவேரியாரு எனக்கு உனக்கு முன்னாடியே பழக்கம்லா மக்ளே" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்ல?

அவளுடைய வருத்தம் வேறு. ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றங்கரையில் அப்பாவுக்கும் தம்பிக்கும் வருடாவருடம் பலி இட்டது நான்தான். இந்த வருடம் சித்தப்பா மகன் போய் இட்டான். இறந்தவர்களுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அந்த வாவுபலிக்குப் போய் வந்த அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தானே வந்தாள். "தேவசகாயம் தேவசகாயம்னு கெடக்கியே. அந்த இடத்துக்கெல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போ. எம்மவனப் புடிச்சுக்கிட்டது யாருன்னு நானும் பாக்கணும்."

அடுத்த சனிக்கிழமை, புனிதர் தேவசகாயம் வாழ்ந்து மடிந்த இடங்களைப் பார்க்கக் கிளம்பினோம். வண்டி என் ஞானத்தகப்பனுடையது, பழைய மாருதி ஆம்னி. அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தெருக்காரர். தம்பி பைக்கில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று இரவும் ஐசியு வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். கையில் ஒரு ஜெபமாலை. வாயைத் திறக்கவில்லை. விடியற்காலையில் கட்டஞ்சாயா வாங்கி வந்து கையில் வைப்பார், திரும்பவும் உட்கார்ந்துகொள்வார். தம்பி போய் ஆறு மாதம் கழித்து ஒரு பைபிளைக் கொண்டுவந்து, "சும்மா இருக்கும்போ யோபு வாசிங்க" என்றார். அவ்வளவுதான். என்னை மாற்ற யாரும் பணம் கொடுத்தார்களா, கல்யாணத்துக்காகவா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறபோதெல்லாம் இந்தப் பெஞ்சைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். சொல்ல வராது.

முதலில் நட்டாலம். பிறகு ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆன நீலகண்ட பிள்ளை 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்த ஊர். ரப்பர் தோட்டமும் மரச்சீனிக் காடும் பலாமரத்தில் ஏறிய நல்லமிளகுக் கொடியுமாக மேற்குப் பக்கத்து ஊர்கள் எல்லாம் போலத்தான் அதுவும். கொஞ்ச நேரம் நின்றோம். அம்மா, "அவரு அம்மைக்குப் பேரு என்ன?" என்று கேட்டாள். தேவகி அம்மாள். அதைக் கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

தக்கலை போகும் வழி முழுக்க நான்தான் பேசினேன். நீலகண்டன் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தது. அங்குள்ள நீலகண்டசுவாமி கோயில் பொறுப்பிலும் இருந்தது. 1741 ஆகஸ்ட் 10 குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்று, அவர்களின் தளபதி டிலனாய் பிடிபட்டது. பிடிபட்டவனைக் கொல்லாமல் மகாராஜா தன் படையைப் பழக்க வைத்துக்கொண்டது. அந்த டிலனாயும் நீலகண்டனும் சிநேகிதர்கள் ஆனது. அந்தச் சமயம் நீலகண்டனுக்குக் கெட்ட காலம்; மாடு செத்தது, பயிர் அழிந்தது, சொத்து கரைந்தது. மனம் விட்டுப்போய் இருந்தவரிடம் டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார்.

உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777-ல் இறந்தவர். கூரையில்லாத பழைய தேவாலயத்துச் சுவர்களுக்குள், கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். எங்கோ ஐரோப்பாவில் பிறந்து, சண்டை போட வந்து, சிறைபட்டு, கடைசியில் புலியூர்க்குறிச்சி மண்ணிலேயே படுத்துவிட்ட மனிதர். வெயில் ஏறியிருந்ததால் அம்மா மரத்தடியில் உட்கார்ந்தாள். மட்டிப்பழம் உரித்துக்கொண்டே, "அந்த யோபு கதையச் சொல்லு" என்றாள்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆடுமாடு போனது, ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஒரே நாளில் வீடு இடிந்து செத்தது, அப்போதும் யோபு, "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார். ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக!" என்று சொன்னது. உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தது. கடைசியில் ஆண்டவர் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது, மறுபடியும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள்.

அம்மா பழத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"வேற பிள்ளைகளா?"

"ஆமா."

"போன பிள்ளைகளுக்குப் பகரம் வேற பிள்ளைகளா? ஆடு மாடுன்னா செரி. பிள்ளைக்கு எப்படி மக்ளே பகரம் ஆவும்?"

மறைக்கல்வியில் ஓர் ஆண்டு படித்தவன் நான். துன்பத்தின் மறைபொருள் என்று தனிப் பாடமே உண்டு. அதை எடுத்தேன். மறுவுலகில் அந்தப் பழைய பிள்ளைகளும் யோபுவுக்குக் காத்திருக்கிறார்கள் என்று சொல்வதுண்டு, ஆகவே பிள்ளைகளும் இரண்டு மடங்குதான் என்றெல்லாம் விளக்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி கோட்டைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "அந்தக் கூட்டாளிமாரு மூணு பேரும் மொத ஏழு நாளு சும்மா இருந்தானுவ இல்லியா, அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துது" என்றார். எனக்கு முகம் சுட்டது. யோபுவின் நண்பர்கள் வந்து ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது யோபுவிடம் இல்லை, அந்த மூன்று பேரிடம்.

அம்மா பழத்தைத் தின்று முடித்துத் தோலை ஓரமாகப் போட்டாள்.

பக்கத்திலேயே முட்டிடிச்சான் பாறை. ஞானஸ்நானம் வாங்கிய பிறகு அரண்மனையின் கோபத்துக்கு ஆளான தேவசகாயத்தைச் சங்கிலியோடு இழுத்து வந்தபோது தாகம் தாங்காமல் முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் வந்தது என்பது வழிவழியாக வரும் கதை. அந்தச் சின்னக் குழியை அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். இரண்டு விரல் விட்டு நனைத்துக் கழுத்தில் தடவிக்கொண்டாள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கமாக உட்கார வைத்து, ஊர் ஊராக ஓட்டிப் போனார்களாம்; அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்களாம். இதை நான் சொல்லவில்லை. அங்கே கும்பிட வந்த ஒரு கிழவி அம்மாவுக்குச் சொன்னாள். இரண்டு பேரும் உச்சுக்கொட்டிக்கொண்டார்கள். யார் என்ன சாமி என்று ஒருத்தியும் மற்றவளைக் கேட்கவில்லை.

கோட்டாற்றில் சனிக்கிழமை மதியம் கூட்டமில்லை. சவேரியார் கோவிலுக்குள் பீடத்துக்கு முன்னால் தேவசகாயத்தின் கல்லறை. காட்டில் போட்டுவிட்டுப் போன உடலின் மிச்சத்தைத் தேடி எடுத்து இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம். 2022 மே 15-ல் வத்திக்கானில் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். இந்தியாவில் குருவும் இல்லாத துறவியும் இல்லாத பொதுநிலையினர் ஒருவர் புனிதரானது இதுவே முதல்முறை. பெண்டாட்டியோடு குடும்பம் நடத்திச் சம்பளத்துக்கு வேலை பார்த்த மனிதர் என்பதால்தான் எனக்கு இவர்மேல் தனிப் பிரியம். நானும் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன்தானே.

புனிதர் பட்டத்தின்போது பெயரில் 'பிள்ளை' இல்லை, வெறும் தேவசகாயம். அதுதான் சரி. எல்லோரும் ஒன்று என்று சமமாகப் பழகினதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்தவனுக்கு இதைப் பேச என்ன உரிமை என்று சிலர் முறைத்தாலும். அவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே வடக்கன்குளத்தில் பிறகு கட்டின கோவிலில் சாதிக்கு ஒரு பக்கமாக நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல்தான் அது இடிபட்டது. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அண்ணாச்சியிடம் கேட்டபோது, "இடிச்சாச்சுல்லா" என்றார், பிறகு, "கோவில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

தோவாளையில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். பிச்சிப்பூ இரண்டு பொட்டலம், தனித்தனியாக வாழையிலையில் கட்டி. ஒன்று மலைக்கு. இன்னொன்று வீட்டு அம்மன் படத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கணவாய் வழியாக வந்து முகத்தில் மண்ணை அறையும். காற்றாலைகள் சுற்றுகிற சத்தம் பாறைகளுக்குள் புகுந்து வெளியே வரும். காற்றாடிமலை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? 1752 ஜனவரி 14 இரவு இங்கே கொண்டுவந்து சுட்டார்கள். சாவதற்கு முன் கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கொள்ளக் கேட்டாராம். மண்டியிட்ட தடம் என்று பாறையில் காட்டுகிறார்கள். அவர் இறந்த நேரம் மேலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்து மணிபோல ஒலித்தது என்பார்கள். மணியடிச்சான் பாறை. வருகிறவர்கள் கல்லால் தட்டிப் பார்ப்பார்கள். நானும் தட்டினேன், வெண்கலக் குடத்தைத் தட்டினதுபோல் நீண்டது சத்தம். அம்மாவிடம் கல்லை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, உள்ளங்கையைப் பாறைமேல் வைத்தாள். "நீ தட்டு" என்றாள். நான் தட்டத் தட்ட அவள் கையை எடுக்காமல் நின்றாள்.

அங்கே உள்ள கோவில் வியாகுல மாதாவுக்கானது. அம்மா பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வியாகுலம்னா?"

"துக்கம்."

"பிள்ளையப் பறிகொடுத்தவ."

மாதாவின் ஏழு வியாகுலங்களும் எனக்கு வரிசையாகத் தெரியும். சிமியோன் சொன்ன வாள் முதல் அடக்கம்வரை ஒப்பிப்பேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பூவை அங்கே வைத்தாள். தன் முந்தானையிலிருந்து திருநீற்றுப் பொதியை எடுத்து என் நெற்றிப் பக்கம் கொண்டுவந்தவள், யோசித்து, அதைத் தன் நெற்றியிலேயே இட்டுக்கொண்டாள்.

படியில் இறங்கும்போது கேட்டாள், "அவரு பெண்டாட்டி?"

பார்கவி. இலந்தைவிளைக்காரி. வடக்கன்குளத்தில் 1745 மே மாதம் புருஷன் ஞானஸ்நானம் வாங்கிய பிறகு அவளும் வாங்கிக்கொண்டாள், ஞானப்பூ என்று பெயர்.

"அதில்லலே. இவர இங்க சுட்டுப்போட்ட பொறவு அவ என்ன செய்தா?"

வடக்கன்குளத்துக்கே போய்விட்டாள், அங்கேயே இருந்து அங்கேயே இறந்தாள், கல்லறையும் அங்கேதான் என்றேன். இத்தனை மாதமாக இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட ஞானப்பூவை நான் ஒரு வரிக்கு மேல் சொன்னதில்லை.

"ரொம்ப தூரமா?"

"காவல்கிணறு தாண்டணும். திருநெல்வேலி ஜில்லா."

மணி நாலரை ஆகியிருந்தது. அண்ணாச்சிக்கு ஆறு மணிக்குப் பங்குக் கோவிலில் பாடல் குழு ஒத்திகை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் சாவியைப் போட்டார். முப்பந்தல் பக்கம் வண்டி திரும்பியதும் அம்மா மடியில் இருந்த இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்து, வாடிவிட்டதா என்று பார்த்து, பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்துப் பூமேல் தெளித்துத் திரும்பவும் கட்டி வைத்தாள்.