பளபளப்பைப் பார்த்து ஏமாறவிருந்தேன்

மூன்று மாதமாகப் பழைய பிக்கப் தேடினேன். பளபளவென்று இருந்த ஒன்றின் அடியில் படுத்து, சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் துரு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வாங்கியது நசுங்கிய கதவு, கிழிந்த சீட்டு. ஆனால் பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) ஃபுல் ஃப்ளோட்டிங். அதாவது பாரத்தைத் தாங்குவது வெளிக்கூடு. உள்ளே இருக்கும் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்ற மட்டும்தான். பாதி வழியில் ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது.

முதல் செலவு டயர், அப்புறம் பின் லாக்கர், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டைப் பிறகு பார்க்கலாம். 30 அங்குல டயரை 33 ஆக்கியதும் வண்டி மூச்சு வாங்கியது. ஆக்ஸில் கியர் விகிதத்தை (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 3.73லிருந்து 4.10க்கு மாற்றியபின்தான் பழைய இழுவை திரும்பியது.

சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கும் வின்ச் வாங்கியதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.