ஒரே கடிகாரம், இரண்டு ஊர்கள்

அஸ்ஸாமின் கிழக்கு மூலையிலுள்ள டிக்பாயில், ஒரு வங்கிக் கிளையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதே ஆண்டுகளில் என் அக்கா, குஜராத்தின் மேற்கு முனையில் துவாரகைக்கு அருகேயுள்ள மித்தாப்பூரில் குடியிருந்தார். இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ இருபத்தாறரை பாகை இடைவெளி. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், டிக்பாயில் உச்சிக்கு வந்த சூரியன் மித்தாப்பூரில் உச்சிக்கு வர மேலும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் இரு வீட்டுச் சுவர்களிலும் கடிகாரம் காட்டியது ஒரே நேரத்தைத்தான்.

டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு அக்காவைத் தொலைபேசியில் அழைப்பேன். டிக்பாயில் நாலே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால், கடைத்தெருவில் சாக்கை விரித்துப் பச்சைப் பாக்கும் வெற்றிலையும் விற்கும் பெண்மணி, அந்நேரத்தில் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் பாக்கை நறுக்கிக்கொண்டிருப்பார். விளக்கு வைத்தாயிற்றா என்று கேட்டால், "வெயில் இன்னும் மாடிப்படியில் கிடக்கிறதடா, கொடியில் துணி காய்கிறது" என்பார் அக்கா. காலையில் நிலைமை தலைகீழாகும். நான் வெயிலில் நடந்துவிட்டுத் திரும்பும் ஏழு மணிக்கு, அக்கா மகள் தெருவிளக்கின் கீழ் பள்ளி வண்டிக்காகக் காத்திருப்பாள்.

இரண்டுமே ஆலையை நம்பி வளர்ந்த ஊர்கள். டிக்பாயின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1901 முதல் இயங்குகிறது; மித்தாப்பூரில் உப்பிலிருந்து சோடா சாம்பல் தயாரிக்கும் டாடா நிறுவனம் 1939இல் தொடங்கப்பட்டது. குஜராத்தியில் மீட்டு என்றால் உப்பு. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. அங்கே இரவு உணவுக்குப் பிறகும் மக்கள் கடற்காற்றில் திண்ணைகளில் உட்கார்ந்து பேசுவார்கள். டிக்பாயிலோ எட்டு மணிக்குத் தெரு அடங்கிவிடும். ஜூனில் அங்கே நாலே காலுக்கே விடிந்துவிடும். பத்து மணிக்கு நாங்கள் வங்கியைத் திறக்கும்போது பகலில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் போயிருக்கும். மாலையில் அந்த இழப்பு மின்கட்டணமாக வந்து சேரும்.

சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்கள் இதற்கு ஆங்கிலேயர் காலத்திலேயே வழி கண்டுவிட்டன. அங்கே பாகான் டைம், அதாவது தோட்ட நேரம், இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தோட்டத்திலிருந்து பத்து மணிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தால், எந்தப் பத்து மணி என்று கேட்டுக்கொண்டுதான் புறப்படுவேன்.

நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பதும் அப்படியொன்றும் பழமையானதல்ல. 1906க்கு முன் ரயில்கள் நம் சென்னை வானாய்வகத்தின் நேரப்படிதான் ஓடின; 1906க்குப் பின்னும் கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை வைத்திருந்தன. வடகிழக்குக்கு ஒரு மணி நேரம் முந்திய தனி நேரம் வேண்டும் என்று தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் 2018இல் எழுதியபோது, ரயில்களின் நேரத்தை, மேற்கு வங்கத்தில் அஸ்ஸாம் எல்லையருகே உள்ள அலிப்பூர்துவார், நியூ கூச்பெஹார் ஆகிய இரண்டு நிலையங்களில் மாற்றினாலே போதும் என்று காட்டினார்கள். அந்த நேரம் அம்மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே, அங்கே வாழ்ந்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

ஒரு டிசம்பரில் அக்கா டிக்பாய்க்கு வந்தார். முதல் நாள் மாலை நாலரைக்கு விளக்கேற்றினார், ஐந்தரைக்குச் சோறு வடித்தார், எங்களையும் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு, ஏழு மணிக்குப் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.